நகையின் நிலைக்களன்: இனம்சார் நகைச்சுவையும் சிரிப்பவரின் பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஓர் இனத்தாரை இழித்துரைக்கும் நகைத்துணுக்கைக் கேட்டுச் சிரிப்பவர் இனவாதி ஆவாரா என்னும் வினா, கடந்த நாற்பது ஆண்டுகளாக அறவியலிலும் சமூகவியலிலும் விவாதிக்கப்பட்டு வருகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அதன் உரைகளும் இவ்வினாவுக்குத் தரக்கூடிய தெளிவை இக்கட்டுரை ஆராய்கிறது. இளம்பூரணர் மேற்கோளாகக் காட்டும் செயிற்றியப் பகுதி, பேராசிரியர் எள்ளலுக்குக் கூறும் இருபாற் பகுப்பு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு, சர்தார்ஜி துணுக்குகள், ‘படோசன்’ (1968), ‘சிவாஜி’ (2007) ஆகியவை இங்கு நோக்கப்படுகின்றன. சிரிப்பவர் எத்தகையவர் என்று கேட்பதைவிடச் சிரிப்பு எதனை நிலைக்களனாகக் கொண்டது என்று கேட்பதே பொருந்தும் என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நகை, எள்ளல், மடன், இளிவரல், மெய்ப்பாட்டியல், இனவாதம், திரைப்பட நகைச்சுவை

முன்னுரை

இனம், மொழி, வட்டாரம், நிறம் ஆகியவற்றைச் சுட்டி எழும் நகைச்சுவை கண்டிக்கப்படும்போதெல்லாம் விளையாட்டுக்குச் சொன்னதை வினையாக்கக் கூடாது என்னும் மறுமொழி எழுகிறது. சிரித்தவரே குற்றவாளி என்னும் கண்டனம் ஒருபுறமும், சிரிப்புக்குப் பொருளே இல்லை என்னும் தற்காப்பு மறுபுறமுமாக விவாதம் நின்றுவிடுகிறது. இவ்விரண்டும் ஒரு பிழையைப் பொதுவாகக் கொண்டுள்ளன. சிரிப்பு என்பது ஒரே தன்மையது என்று இரண்டும் கருதுகின்றன.

தொல்காப்பியம் அவ்வாறு கருதவில்லை. எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவதாக நகையை வைக்கும் மெய்ப்பாட்டியல், அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்கிறது. இந்நான்கில் இகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டது எள்ளல் ஒன்றே. பிற மூன்றும் இகழ்ச்சியின்றியும் நிகழக்கூடியவை. மழலையின் பேச்சுக்குச் சிரிப்பவர் குழந்தையை இகழ்வதில்லை. ஆகவே, ஓர் இனத்தின் பெயர் இடம்பெற்ற துணுக்குக்கு எழும் சிரிப்பு, இந்நான்கில் எதனிடமிருந்து பிறக்கிறது என்று முதலில் கேட்க வேண்டியுள்ளது.

செயிற்றியப் பட்டியல்

நகை பற்றிய நூற்பாவுக்கு உரை எழுதும் இளம்பூரணர், இன்று முழுமையாகக் கிடைக்காத செயிற்றியம் என்னும் நூலிலிருந்து நீண்ட மேற்கோள் ஒன்றைத் தருகிறார். நகை தோன்றும் இடங்களை அடுக்கிச் செல்லும் பட்டியல் அது. முடவரின் நடை, பித்தரின் பிதற்றல், குழந்தையின் மழலை, கல்லாதவர் கற்றவர்போல் பேசுதல், மெலியவர் வலிமை பேசுதல் முதலியவற்றோடு, ஆரியர் பேசும் தமிழும் அதில் இடம்பெறுகிறது. கூனர், குறளர், ஊமர், செவிடர் ஆகியோரும் அவ்வரிசையில் உள்ளனர்.

வேற்றுமொழியாளரின் திருத்தமற்ற தமிழ் நகைக்கு இடமாகும் என்பதை இலக்கண மரபு பதிவு செய்துள்ளமை கருதத்தக்கது. இனம்சார் நகைச்சுவை வெள்ளையராட்சியோடோ திரைப்படத்தோடோ தமிழுக்கு வந்ததன்று. அதே வேளையில், அப்பகுதியில் வரும் ஆரியர் என்னும் சொல்லை 19ஆம் நூற்றாண்டு இனக்கோட்பாட்டின் பொருளில் படித்தல் பொருந்தாது. வடபுலத்தார், வடமொழியாளர் என்னும் அளவிலேயே அதனைக் கொள்ளுதல் தகும். மேலும், செயிற்றியம் இங்கே நகை எழும் இடங்களைச் சொல்கிறதேயன்றி, அவ்விடங்களில் நகுதல் முறை என்று விதிக்கவில்லை. பின்வரும் ஆய்வுக்கு இவ்வேறுபாடு அடிப்படையானது.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் அதற்குள் இருவகை இடங்கள் கலந்திருப்பது புலப்படும். சில இடங்களில் நகைக்கு நிலைக்களன் ஒரு செயல்: நடை, சொல், பேச்சு, தமிழ். வேறு சில இடங்களில் நிலைக்களன் ஆளே: கூனர், குறளர், ஊமர், செவிடர். ஆரியரைப் பொறுத்தவரை, பட்டியல் ஆரியரை நகைக்கிடமாக வைக்கவில்லை. அவர் பேசும் தமிழையே வைக்கிறது. பேச்சு திருந்தினால் நகை நீங்கும். கூனர்க்கு அத்தகைய வழி இல்லை. அவர் இருப்பதே நகைக்குப் போதுமானதாகிறது. முடவரின் நடை செயலாகச் சுட்டப்பட்டாலும் அவரால் மாற்றிக்கொள்ள இயலாததால் இவ்விரு வகைக்கும் இடையில் நிற்கிறது. செயலின்மேல் எழும் நகை, பிறப்பின்மேலும் உடலின்மேலும் எழும் நகை என்னும் இப்பகுப்பைச் செயிற்றியம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆயினும் அதன் சொல்லமைப்பே அதற்கு இடம் தருகிறது.

மூன்று மேலைநாட்டு விடைகள்

இவ்வினாவுக்கு மேலைநாட்டு ஆய்வாளர் தந்துள்ள விடைகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, மெய்யியலாளர் ரொனால்ட் டி சூசா 1987இல் முன்வைத்த கருத்து. தீங்கெண்ணம் பொதிந்த நகைத்துணுக்கைப் புரிந்துகொள்வது வேறு; அதற்குச் சிரிப்பது வேறு. புரிந்துகொள்வதற்கு, இத்தகைய எண்ணம் சிலருக்கு உண்டு என்று அறிந்திருந்தால் போதும். சிரிப்பதற்கோ அவ்வெண்ணத்தைத் தாமும் கொண்டிருத்தல் வேண்டும். மனப்பாங்கைக் கற்பனைக்காக மட்டும் சற்றுநேரம் ஏற்றுக்கொள்ள இயலாது என்பது அவர் வாதம். இதன்படி சிரிப்பு ஒரு வாக்குமூலம் ஆகிறது.

இரண்டாவது, சமூகவியலாளர் கிறிஸ்டி டேவிஸ் 1990இல் வெளியிட்ட உலகளாவிய ஒப்பாய்வு. முட்டாள்தனத்தைப் பற்றிய துணுக்குகள் ஒவ்வொரு நாட்டிலும் ஓர் அண்டைக் குழுவின்மேல் ஏற்றப்படுவதை அவர் காட்டுகிறார். பிரித்தானியாவில் ஐரிஷ்காரர், பிரான்சில் பெல்ஜியர், அமெரிக்காவில் போலந்துக்காரர், இந்தியாவில் சீக்கியர். துணுக்குகள் சமூகத்தின் வெப்பத்தைக் காட்டும் வெப்பமானியே. வெப்பத்தை உண்டாக்குவன அல்ல என்பது அவர் நிலைப்பாடு. இதன்படி சிரிப்பு ஒரு குற்றமன்று, அறிகுறியே.

மூன்றாவது, மைக்கேல் பிலிப்ஸ் 1984இல் எழுதிய கட்டுரை. இனவாதம் என்பதை முதலில் ஆளின் உள்ளத்தில் தேடாமல் செயலில் தேட வேண்டும் என்கிறார் அவர். ஓர் இனத்தாரை அவ்வினத்தார் என்பதற்காகவே இழிவுபடுத்தும் செயல், செய்பவரின் நம்பிக்கை எதுவாயினும் இனவாதச் செயலே ஆகும்.

முதல் விடை சிரிப்பவரின் உள்ளத்தையும், இரண்டாம் விடை சமூகத்தையும், மூன்றாம் விடை செயலையும் நோக்குகின்றன. நகைப்பொருள் எத்தகையது என்னும் கேள்வி, மெய்ப்பாட்டியலில் இருப்பதுபோல, இவற்றில் முதன்மை பெறவில்லை. கீழ்வரும் மூன்று சான்றுகளில் அக்கேள்வி எத்தகைய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பது காணத்தக்கது.

சர்தார்ஜி துணுக்குகள்: மடனும் பெயரொட்டும்

தமிழ் வார, மாத இதழ்களிலும், பின்னர்க் கைப்பேசிக் குறுஞ்செய்திகளிலும் சர்தார்ஜி துணுக்குகள் பெருவழக்காயின. அவற்றைப் படித்துச் சிரித்த தமிழரில் மிகப் பலர் வாழ்நாளில் ஒரு சீக்கியரோடும் பழகியிராதவர். அவர்கள் சீக்கியர்மேல் பகைமை கொண்டிருந்தனர் என்று கூறச் சான்றில்லை. இவ்விடத்தில் டி சூசாவின் வாதம் தளர்கிறது. துணுக்கில் வரும் சர்தார்ஜி, பஞ்சாபில் வாழும் மனிதரைக் குறிக்கும் பெயராக இல்லாமல், தெனாலிராமன் கதையில் ஏமாறுபவனைப்போல் ஒரு கதைமரபுப் பாத்திரமாகிவிடுகிறார்.

பேராசிரியர் பேதைமையை அறிவின்மை எனவும், மடனை ஒருவர் கொளுத்தியதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை விடாதிருத்தல் எனவும் வேறுபடுத்துகிறார். சொன்னதைச் சொன்னபடியே செய்து, சொன்னதன் நோக்கத்தைத் தவறவிடும் சர்தார்ஜி, பேராசிரியரின் மடனுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. இத்துணுக்குகளில் சர்தார்ஜி என்னும் பெயரை நீக்கி ‘ஒருவர்’ என்று வைத்தாலும் சிரிப்புப் பெரும்பாலும் எஞ்சுகிறது. எனவே நகையின் நிலைக்களன் மடனே. இனப்பெயர் அதன்மேல் ஒட்டப்பட்டது. இதனை மாற்றுச் சோதனை எனலாம். இச்சோதனையில் தேறும் துணுக்குக்கு ஒருமுறை சிரித்தவரை இனவாதி என்பது மிகைக்கூற்று.

ஆயினும் ஒட்டப்பட்ட பெயர் அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. துணுக்குகள் மறக்கப்படுகின்றன, பெயருக்கும் மடமைக்கும் இடையிலான இணைப்பு மறக்கப்படுவதில்லை. நூறு துணுக்குகள் ஒரே பெயரைச் சுமக்கும்போது அந்தப் பெயருடையவர் வகுப்பறைக்குள் நுழைந்ததும் துணுக்கு அவருக்கு முன்னே நுழைந்துவிடுகிறது. 1984இல் தில்லியில் சீக்கியர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட பின்னரும் இத்துணுக்குகள் தடையின்றிப் பெருகின. இத்துணுக்குகளைத் தடைசெய்யக் கோரிய வழக்கில், குடிமக்களுக்கு ஒழுக்க நெறிகளை வகுத்துத் தர நீதிமன்றத்தால் இயலாது என உச்ச நீதிமன்றம் 2017இல் தெரிவித்தது. சட்டம் விலகிக்கொண்ட இடத்தில் பொறுப்பு சொல்பவரிடமும் கேட்பவரிடமுமே வந்து சேர்கிறது. மறுபுறம், சீக்கியரான குஷ்வந்த் சிங் தாமே நகைத்துணுக்குத் தொகுப்புகளை வெளியிட்டுப் புகழ்பெற்றார். தம்மவரைத் தாமே நகுதலும் பிறர் நகுதலும் ஒன்றா என்னும் கேள்வி இங்கு எழுகிறது. அதற்குத் தமிழர் தம்மையே சான்றாகக் கொள்ளலாம்.

‘படோசன்’: எள்ளப்பட்டவழி நகுதல்

1968இல் வெளிவந்த ‘படோசன்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் மெஹ்மூத் ஏற்ற மாஸ்டர் பிள்ளை என்னும் தென்னிந்திய இசையாசிரியர் பாத்திரம், இந்தித் திரையின் ‘மதராசி’ வார்ப்புகளுள் மிகப் புகழ்பெற்றது. குடுமி, வேட்டி, தமிழ் ஒலிப்பு ஏறிய இந்தி ஆகியவை அவருடைய நகைக்குரிய கூறுகள். கதைநிலையில் அப்பாத்திரமே இசை கற்றவர். அவரோடு பாட்டுப்போட்டியில் நிற்கும் நாயகனுக்கோ பாடத் தெரியாது. நண்பர் மறைந்திருந்து பாட, அவர் வாயசைக்கிறார். போலி வெல்ல, புலமை தோற்கிறது. பார்வையாளரின் சிரிப்போ தோற்றவரை நோக்கியே செல்கிறது.

இக்காட்சிக்குத் தமிழரும் சிரிக்கின்றனர். நான்கு நிலைக்களன்களையும் தன்கண் தோன்றுவன, பிறன்கண் தோன்றுவன என இருபாற்படுத்தும் பேராசிரியர், எள்ளலைப் பற்றிக் கூறுகையில், தான் பிறரை எள்ளி நகுதலோடு, தான் பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதலையும் குறிப்பிடுகிறார். மாஸ்டர் பிள்ளையைக் கண்டு சிரிக்கும் தமிழர் இரண்டாம் வகையினர். தமிழர் நகைப்புக்குரியவர் என்னும் நம்பிக்கை அவருக்கு இல்லை. எள்ளலுக்கு எழும் சிரிப்பும் எள்ளலின் கருத்தை ஏற்றதற்குச் சான்றாகாது என்பதை இவ்வகை காட்டுகிறது.

ஆனால் இச்சிரிப்பு எங்கு நிகழ்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது. சொந்த ஊரில் பெரும்பான்மையாக அமர்ந்து சிரிப்பவர் எதனையும் இழப்பதில்லை. அதே காலத்து மும்பைச் சூழல் வேறு. கேலிச்சித்திரக்காரரான பால் தாக்கரே 1960இல் தொடங்கிய ‘மார்மிக்’ என்னும் கேலிச்சித்திர வார இதழ், நகரின் அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலிட்டது. 1966இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியருக்கு எதிரான இயக்கத்தை நடத்தியது. தென்னிந்தியரின் உடையைக் கேலிசெய்யும் முழக்கம் அவ்வியக்கத்தோடு இணைத்து இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்நகரில் சக ஊழியர் நடுவே ‘மதராசி’ துணுக்குக்குச் சிரித்த தமிழரின் சிரிப்பு, ஒத்துப்போவதற்காகக் கொடுத்த விலையாகவும் இருந்திருக்கக்கூடும். ‘படோசன்’ வன்முறையை விளைவித்தது என்று இங்குக் கூறப்படவில்லை. திரையில் நகைக்கு இடமான வேட்டி தெருவில் பகைக்கும் இடமாயிற்று என்பதே கருதத்தக்கது. வெப்பமானி என்னும் டேவிஸின் உவமை இவ்விடத்தில் போதவில்லை. கேலிச்சித்திர இதழே ஓர் இயக்கத்தின் முன்னோடியாக அமைந்தபோது நகைச்சுவை வெப்பத்தை அளந்ததோடு நிற்கவில்லை.

தமிழ்த் திரையில் இதன் மறுபக்கத்தையும் காணலாம். ‘நம்பள்’, ‘நிம்பள்’ என்று பேசும் சேட்டு, செயிற்றியம் சொல்லும் ஆரியர் தமிழின் நேர் வழித்தோன்றல். அவர் பெரும்பாலும் அடகுக்கடைக்காரர். அவரைப் பார்த்துச் சிரிப்பவர் அவரிடம் கடன்பட்டவர். அச்சிரிப்பில் எளியவரின் ஆறுதல் ஒன்று இருந்தது. இன்று அதே மொழித்திரிபு கட்டடத் தொழிலாளரையும் உணவகப் பணியாளரையும் பானிப்பூரி விற்பவரையும் நோக்கித் திரும்பியுள்ளது. துணுக்கின் அமைப்பு மாறவில்லை. கடன் கொடுத்தவரின் இடத்தில் கூலிக்கு வந்தவர் நிற்கிறார். மாஸ்டர் பிள்ளைக்காக நோகும் தமிழர், இந்தச் சிரிப்பை மரபென்றும் விளையாட்டென்றும் கடந்துபோக இயலாது.

‘சிவாஜி’: நிறத்தின்மேல் நகை

ஷங்கர் இயக்கி 2007இல் வெளிவந்த ‘சிவாஜி’யில் நிறம் இருமுறை நகைக்கு இடமாகிறது. நாயகனின் நிறத்தைக் காரணம் காட்டி நாயகி மறுக்க, அவன் வெளுப்பதற்கு மேற்கொள்ளும் முயற்சிகள் முதலாவது. அங்கு நகையின் நிலைக்களன் நிறமன்று. வெளுக்கலாம் என்று நம்பி அவன் செய்யும் செயல்கள். மெய்ப்பாட்டியல் சொல்லால் கூறினால் அது மடன். வெண்மை மோகத்தையே நையாண்டி செய்வதாகவும் அதைக் கொள்ள இடமுண்டு.

இரண்டாவது, சாலமன் பாப்பையா ஏற்ற தந்தைப் பாத்திரத்தின் இரு மகள்கள். கருமை மிகைப்படுத்தப்பட்ட ஒப்பனையோடு தோன்றும் அவ்விருவரும் எதையும் தவறாகச் சொல்வதில்லை. எதையும் பிழையாகச் செய்வதில்லை. அவர்கள் தோன்றுவதும் நாயகன் தரப்பினர் அஞ்சி விலகுவதுமே நகைச்சுவை. அவர்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர். புறநானூற்றில் பாரி மகளிர் என்றே அறியப்பட்டு, பிற்கால மரபு பெயரிட்டு வழங்கும் புலமை மிக்க பெண்களின் பெயர்கள் அவை. தந்தையை இழந்த அம்மகளிரை மணம்செய்விக்கக் கபிலர் வேளிரை நாடிச் சென்றதையும் அவர்கள் மறுத்ததையும் தமிழ் பயின்றோர் அறிவர். மணம் மறுக்கப்பட்ட மகளிரின் அவலம் இங்கே மணம் மறுக்கத்தக்க மகளிர் என்னும் நகையாகத் தலைகீழாக்கப்பட்டுள்ளது.

மாற்றுச் சோதனையை இங்குச் செய்து பார்க்கலாம். நிறத்தை நீக்கினால் சிரிப்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. பேதைமையும் மடனும் இளமையும் இல்லாத இடத்தில் எள்ளல் மட்டுமே நிற்கிறது. அவ்வெள்ளலும் செயலின்மேல் எழாமல் உடலின்மேல் எழுகிறது. செயிற்றியப் பட்டியலில் கூனரும் குறளரும் நின்ற இடத்தில் கருநிறப் பெண் நிறுத்தப்படுகிறாள். டி சூசாவின் வாதம் வலுப்பெறும் இடம் இதுவே. கருமை வெறுக்கத்தக்கது என்னும் எண்ணத்தைக் கணநேரமேனும் தமதாக்கிக்கொள்ளாமல் இக்காட்சிக்குச் சிரிக்க வேறு வழி இல்லை. திரையரங்கில் சிரித்தோருள் பெரும்பாலோரும் அதே நிறத்தவர் என்பது இதனை எள்ளப்பட்டவழி நகுதலாக்கும் என்று வாதிடலாம். ஆனால் சிரித்த ஆண் தன்னை நாயகனோடு இணைத்துக்கொள்கிறான். எள்ளப்பட்ட பெண்ணுக்கு அவ்வாறு இணைந்துகொள்ளக் காட்சியில் இடமில்லை.

நிறத்தின்மேல் எழும் நகைக்கு மேலைநாட்டிலும் இத்தகைய பார்வைக்குறை உண்டு. 1900இல் சிரிப்பைப் பற்றி எழுதிய பெர்க்சன், கருப்பினத்தவரைக் கண்டு ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டு, கருமை ஒப்பனைபோலத் தோன்றுவதால் என்று விடை கூறினார். அவ்வினாவில் உள்ள ‘நாம்’ யார் என்று அவர் கேட்கவில்லை.

நகையும் இளிவரலும்

மெய்ப்பாட்டியல் இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. செயிற்றியம் நகைக்குரியவர் என்று நிறுத்திய முடவர், ஊமர், செவிடர் ஆகியோரின் நிலை, அவர்கள் பக்கமிருந்து நோக்கினால் பிணியும் வருத்தமுமே. காண்பவர்க்கு நகையாவது காணப்படுபவர்க்கு இளிவரல் ஆகிறது. ஒரே நிகழ்வு இருவரிடத்து இரு மெய்ப்பாடுகளைத் தோற்றுவிக்கும் என்பதை ஏற்றால், விளையாட்டாகவே சொன்னேன் என்னும் தற்காப்பு சொன்னவரின் மெய்ப்பாட்டை மட்டுமே கணக்கில் கொள்வது தெளிவாகும். வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் (குறள் 995), விளையாட்டினிடத்தும் இகழ்ச்சி துன்பம் தருவது என்று கூறுவதும் இகழப்பட்டவரின் பக்கம் நின்றே.

சிரிப்பின் விளைவு இளிவரலோடு முடிவதில்லை. ஃபோர்டும் ஃபெர்குசனும் 2004இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, இழித்துரைக்கும் நகைச்சுவை புதிதாகக் காழ்ப்பை உண்டாக்குவதைவிட, முன்பே காழ்ப்புடையவர்க்கு அதை வெளிப்படுத்தலாம் என்னும் ஒப்புதலைத் தருகிறது. காழ்ப்பற்ற ஒருவரின் சிரிப்பும் அருகிலிருக்கும் காழ்ப்புடையவர்க்கு இசைவாகக் கேட்கிறது. எனவே, தம் உள்ளம் தூயது என்னும் விளக்கம் உண்மையாகவே இருப்பினும் அது சிரிப்பின் பொறுப்பை முழுவதும் நீக்குவதில்லை.

முடிவுரை

இனம்சார் துணுக்குக்குச் சிரிப்பவர் இனவாதி ஆவாரா என்னும் வினாவுக்கு ஆம், இல்லை என்னும் ஒற்றைச்சொல் விடை பொருந்தாது. மடனையோ பேதைமையையோ நிலைக்களனாகக் கொண்டு, இனப்பெயரை ஒட்டாக மட்டும் பெற்ற துணுக்குக்கு எழும் சிரிப்பு, சிரிப்பவரை இனவாதி ஆக்காது. அதனை மீண்டும் மீண்டும் அதே பெயரில் சொல்லுதல் தனிச்செயலாகும். அங்குப் பிலிப்ஸ் கூறும் பொறுப்பு தொடங்குகிறது. செயலையும் சொல்லையும் விட்டுப் பிறப்பையும் நிறத்தையும் நிலைக்களனாகக் கொண்ட நகையில் எள்ளலன்றி வேறில்லை. அதற்குச் சிரித்தவர், அச்சிரிப்பளவில், இனவாதத்தில் பங்குகொள்கிறார். அப்பங்கு அவரை முழுமையாக வரையறுப்பதில்லை. ஆனால் அவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை எழுப்புகிறது.

கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாமை மடன் என்னும் பேராசிரியரின் விளக்கம் இங்கு மீண்டும் நினைக்கத்தக்கது. ஓர் இனத்தாரைப் பற்றிப் பிறர் சொல்லிவைத்ததை ஏற்று, ஏற்றதைக் கைவிடாதிருக்கும் மனநிலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. மெய்ப்பாட்டியலின்படி நகைக்குரியது அம்மடனே. தமிழ் நகைச்சுவை இலக்கியத்தையும் திரைப்படங்களையும் ஆராய்வோர், யார் சிரிக்கவைத்தார் என்பதோடு நிற்காமல், சிரிப்பு எவர்மேல், அவரிடத்துள்ள எதன்மேல் எழுந்தது என்பதையும் வகைப்படுத்திக் காண்பது இத்துறையின் அடுத்த பணியாகும்.